பிளக்கை வீசும் முன்: மோட்டார் சைக்கிள் ஸ்பார்க் பிளக் கோளாறுகள், அறிகுறி வாரியாக

வண்டி மக்கர் செய்தால் முதல் பழி ஸ்பார்க் பிளக் மீதுதான் விழும். விலை குறைவு, கழற்றுவது எளிது, புதியதைப் போட்டால் பெரும்பாலும் உடனே ஓடியும்விடும். பழையதை வீசிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அதற்குக் கரி பிடிக்க வைத்த காரணமோ இஞ்சினுக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. சில நூறு கிலோமீட்டர் கழித்துப் புதுப் பிளக்கும் அதே கோலத்தில் வெளியே வருகிறது.

எரிப்பறைக்குள் தலை நீட்டியிருக்கும் பாகம் அது. பெட்ரோல் கலவையின் செறிவு, எண்ணெய்க் கசிவு, மிகை வெப்பம் எல்லாம் அதன் முனையில் தடம் பதிக்கின்றன. இஞ்சினைப் பிரிக்காமல் அதன் உள்நிலையை இவ்வளவு எளிதாகக் காட்டும் வேறு பாகம் கிடையாது. ஆகவே கீழே உள்ள எந்த அறிகுறியானாலும் முதல் வேலை ஒன்றுதான்: கழற்றி, துடைக்காமல், வெளிச்சத்தில் பாருங்கள். புதியது வாங்குவது அதற்குப் பிறகு.

கையில் வேண்டியவை: உங்கள் பிளக்கின் அறுகோணத்துக்குப் பொருந்தும் பிளக் பானா, கம்பி வகை இடைவெளி அளவி (பிளக்கின் இரு முனைகளுக்கிடையே உள்ள தூரத்தை அளப்பது), மல்டிமீட்டர், வண்டியின் கையேடு. கடைசியாகச் சொன்னதுதான் பலரிடம் இருப்பதில்லை. ஆனால் அதுதான் மிக முக்கியம்.

கழற்றுவதும் படிப்பதும்

இஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். அலுமினிய ஹெட்டில் (சிலிண்டரின் மேல்மூடியில்) சூட்டோடு பிளக்கைத் திருகினால் மரை பிய்ந்து வர வாய்ப்பு உண்டு. பிளக் குழியில் மண்ணும் தூசியும் சேர்ந்திருக்கும்; முதலில் காற்றடித்து ஊதுங்கள், பிளக்கைக் கால் சுற்று தளர்த்துங்கள், மறுபடி ஊதுங்கள், பிறகு கழற்றுங்கள். அந்த மண் சிலிண்டருக்குள் விழுந்தால் பிஸ்டன் ரிங்குக்குக் கேடு. ஒன்றுக்கு மேற்பட்ட பிளக் உள்ள இஞ்சினில் எது எந்த இடத்திலிருந்து வந்தது என்று குறித்து வையுங்கள். ஒன்று மட்டும் மாறுபட்டு இருந்தால் அதுவே பாதி விடை.

நிறத்தைப் படிப்பதில் ஓர் எச்சரிக்கை. வாசலில் ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் நின்ற வண்டியின் பிளக், அந்த ஐந்து நிமிடத்தின் கதையைத்தான் சொல்லும். ஓட்டத்தில் என்ன நடக்கிறது என்று அறிய வேண்டுமானால், இஞ்சின் சூடேறிய பின் ஆளரவமற்ற நேர்சாலையில் சிறிது தூரம் ஒரே த்ராட்டிலில் ஓட்டி, கிளட்சைப் பிடித்த கையோடு கில் ஸ்விட்சை அணைத்து, ஓரமாக உருட்டி நிறுத்த வேண்டும். இஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, மறுபடி ஸ்டார்ட் செய்யாமலேயே பிளக்கைக் கழற்ற வேண்டும்.

பீங்கான் மூக்கு (நடு முனையைச் சுற்றியுள்ள பீங்கான் பகுதி) வெளிர் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் நலம். ஈயமற்ற பெட்ரோலில் ஓடும் வண்டியில், குறிப்பாக எரிபொருள் ஊசி முறை (ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன்) வண்டியில், அது ஏறக்குறைய வெள்ளையாகவே இருக்கலாம். பழைய நிறப் படங்களைப் பார்த்துவிட்டு 'கலவை மெலிந்துவிட்டது' என்று பதற வேண்டாம். கொப்புளம் கட்டியிருக்கிறதா, பளபளவென்று கண்ணாடிப் பூச்சு படிந்திருக்கிறதா, உலோக முனைகளின் விளிம்பு உருகியிருக்கிறதா என்று பாருங்கள். இவை இல்லாத வெள்ளை பயப்படும்படியானது அன்று.

அறுகோணத்துக்கு மேலே, வெளிப்புறப் பீங்கானில் பழுப்பு வளையம் ஒன்று தெரிவதுண்டு. இஞ்சின் வாயு கசிந்து வந்த தடம் என்று பலர் பிளக்கை மாற்றிவிடுகிறார்கள். உயர் மின்னழுத்தத்தைச் சுற்றியுள்ள காற்றில் மிதக்கும் எண்ணெய்த் துகள்கள் ஈர்க்கப்பட்டு ஒட்டுவதால் வரும் கறை அது, தீங்கில்லாதது. அதே பீங்கானில் மேலிருந்து கீழாக மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால் மட்டும் கவலைப்படுங்கள். தீப்பொறி உள்ளே போகாமல் வெளிப்புறமாகவே பாய்ந்து உலோக உடலுக்குத் தப்பியிருக்கிறது என்று பொருள்.

எத்தனை உதைத்தும் உயிர் வரவில்லை

டேங்கில் பெட்ரோல், கில் ஸ்விட்ச், சைடு ஸ்டாண்டு ஸ்விட்ச். இந்த மூன்றையும் பார்க்காமல் பானாவைத் தொட வேண்டாம்.

பிறகு பிளக்கைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். முனை உலர்ந்திருந்தால் பெட்ரோல் சிலிண்டருக்கு வரவில்லை. பிளக்கை விட்டுவிட்டு எரிபொருள் வழியைத் தேடுங்கள். முனை பெட்ரோலில் நனைந்திருந்தால் ஒன்று தீப்பொறி இல்லை, அல்லது சோக்கையும் த்ராட்டிலையும் மாறி மாறி இழுத்து நீங்களே மூழ்கடித்துவிட்டீர்கள்.

மூழ்கியிருந்தால் சரிசெய்வது சுலபம். பிளக் குழியைத் துணியால் மூடி, சோக்கை அணைத்து, த்ராட்டிலை முழுக்கத் திறந்து, இக்னிஷனை அணைத்த நிலையில் சில உதை உதையுங்கள். மிகுதிப் பெட்ரோல் வெளியேறிவிடும். பிளக்கைத் துடைத்து உலர்த்தி மாட்டுங்கள். அடுப்பில் வாட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. அதில் பெட்ரோல் போகும்; பீங்கான் மூக்கின் அடிவரை படிந்த கரி போகாது. தொல்லை கொடுப்பது அந்தக் கரிதான். கரி மின்சாரத்தைக் கடத்தும். முனைகளுக்கிடையே பாய வேண்டிய மின்சாரம் கரியின் மேல் ஊர்ந்து உடலுக்கு இறங்கிவிட்டால் தீப்பொறிக்கு என்ன மிஞ்சும்? மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிளக்கின் தலையிலும் மற்றதை மரையிலும் வையுங்கள். நல்ல பிளக்கில் மின்தடை அளவிட முடியாத அளவுக்கு அதிகமாக இருக்கும். ஏதேனும் ஓர் எண் காட்டினால் கசிவு இருக்கிறது.

தீப்பொறி சோதனை செய்யும்போது பிளக்கின் உலோக உடலை இஞ்சினின் பெயின்ட் இல்லாத இடத்தில் அழுத்திப் பிடிக்க வேண்டும். காப்பிடப்பட்ட இடுக்கியால் பிடியுங்கள், வெறுங்கையால் வேண்டாம். பிளக் குழியிலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சும். ஆகவே அதிலிருந்து தள்ளி வையுங்கள், குழியைத் துணியால் மூடுங்கள். பிளக்கின் உடல் இஞ்சின் உலோகத்தைத் தொடாமல் வெறுமனே தொங்கவிட்டு உதைக்காதீர்கள். மின்சாரம் போக வழி தேடி, தீப்பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் காயிலையோ, அதை இயக்கும் மின்னணுப் பெட்டியான சி.டி.ஐ.யையோ பதம்பார்த்துவிடும்.

'படபட' என்று நீலநிறத் தீப்பொறி வந்தால் நல்ல அறிகுறி. ஆனால் அதோடு முடிவு கட்டிவிடாதீர்கள். திறந்த காற்றில் தாண்டுவது எளிது. அமுக்கப்பட்ட கலவைக்குள் அதே இடைவெளியைத் தாண்டப் பல மடங்கு மின்னழுத்தம் வேண்டும். வெளியே தீப்பொறி வராத பிளக் உள்ளேயும் வேலை செய்யாது என்பது நிச்சயம். வெளியே வந்ததனால் உள்ளேயும் வரும் என்பது நிச்சயமில்லை.

தீப்பொறியே இல்லையென்றால் நல்லது என்று தெரிந்த இன்னொரு பிளக்கை மாட்டிப் பாருங்கள். அதிலும் இல்லையா? பிளக் மூடியை வயரிலிருந்து திருகிக் கழற்றுங்கள். பல வண்டிகளில் மூடிக்குள் உள்ள திருகாணி வயரின் நடுக் கம்பியைக் குத்திப் பிடித்திருக்கும். காலப்போக்கில் அந்த முனை அரித்துப்போகும். வயர் நீளமாக இருந்தால் நுனியில் 5 மி.மீ. அளவு வெட்டிவிட்டு மூடியை மறுபடி திருகுங்கள். செலவே இல்லாத இந்த வேலையால் எழுந்து ஓடிய வண்டிகள் அநேகம். மின்தடை உள்ள மூடியானால் அளந்தும் பாருங்கள்: பெரும்பாலும் 5 கிலோ ஓம் அருகில் இருக்கும். முடிவிலி காட்டினால் மூடி போய்விட்டது. இதற்கு மேல் காயில், பிக்கப் காயில், சி.டி.ஐ. என்று போக வேண்டும். அது தனிக் கதை.

காலையில் மட்டும் அடம்பிடிக்கிறது, பிறகு நன்றாக ஓடுகிறது

தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக்கின் வழக்கமான குணம் இது. குளிர்ந்த இஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாவதில்லை, இஞ்சினும் மெதுவாகச் சுழல்கிறது. அந்த நேரத்தில் பலவீனமான தீப்பொறி போதாது. இடைவெளியை அளந்து சரிசெய்யுங்கள். அது சரியாக இருந்தால் சோக் கேபிள், பேட்டரி, வால்வு இடைவெளி ஆகியவற்றைப் பாருங்கள். வால்வு இடைவெளி குறுகிப்போனதால் ஸ்டார்ட் ஆகத் தயங்கும் வண்டிக்குப் பிளக்கை மாற்றி மாற்றிப் போடுவது வழக்கமான வீண்செலவு.

சமவெளியில் ஒழுங்கு, ஏற்றத்திலும் முழு த்ராட்டிலிலும் மிஸ் அடிக்கிறது

இடைவெளியின் முழுக் கதையும் இந்த அறிகுறியில் இருக்கிறது. த்ராட்டிலைத் திறக்கத் திறக்க சிலிண்டருக்குள் அதிகக் கலவை நுழைகிறது, அமுக்கம் ஏறுகிறது, தீப்பொறி தாண்டத் தேவையான மின்னழுத்தமும் ஏறுகிறது. காயிலால் கொடுக்க முடிந்த அளவை அந்தத் தேவை மீறும் நொடியில் தீப்பொறி தவறுகிறது. மெதுவாகப் போகும்போது தவறாததற்குக் காரணம், அப்போது தேவை குறைவு.

ஒவ்வொரு தீப்பொறியும் முனையிலிருந்து துளி உலோகத்தை அரித்துக்கொண்டு போகிறது. பல ஒற்றைச் சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளில் கிராங்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தீப்பொறி வருகிறது. அதில் பாதி, எரிந்த வாயு வெளியேறும் ஸ்ட்ரோக்கில் வீணாக அடிப்பது. 6,000 சுற்றில் ஓடினால் நொடிக்கு 100 தீப்பொறி. இடைவெளி வளராமல் என்ன செய்யும்? கூடவே முனைகளின் கூரிய விளிம்பும் மழுங்குகிறது. மின்சாரம் கூர்மையிலிருந்து பாய்வதைத்தான் விரும்பும்; மழுங்கிய முனைக்குக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும். ஆகவே விளிம்பு உருண்டுபோன பிளக்கின் இடைவெளியை மட்டும் குறுக்கிவைப்பது தற்காலிக நிவாரணமே. சாதாரண நிக்கல் முனைப் பிளக்கை 8,000 முதல் 12,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்லும் கையேடுகள் பல. உங்கள் கையேட்டில் உள்ள எண் எதுவோ அதைப் பின்பற்றுங்கள்.

எவ்வளவு இடைவெளி? பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களுக்கு 0.6 முதல் 0.9 மி.மீ.க்குள் அடங்கும். பழைய பாயின்ட் (இயந்திரத் தொடுமுனை) இக்னிஷன் வண்டிகளுக்கு 0.6–0.7, பின்னாளைய மின்னணு இக்னிஷனுக்கு 0.7–0.8 அல்லது 0.8–0.9 என்பது பரவலாகக் காணப்படும் அளவு. கையேடு சொல்லும் வரம்பின் கீழ் எல்லையை ஒட்டி வைப்பதே என் விருப்பம். இடைவெளி தானாக அகலுமே தவிர ஒருபோதும் குறுகாது. கீழிருந்து தொடங்கினால் வரம்புக்குள் அதிக நாள் இருக்கும்.

'தீப்பொறி பெரிதானால் இழுவை கூடும்' என்று 1 மி.மீ. தாண்டி விரிப்பவர்களுக்குக் கிடைப்பது மேலே சொன்ன மிஸ்ஸிங்தான். அதற்காக அளவுக்கு மீறிக் குறுக்கினால் வேறு தொல்லை. தீப்பிழம்பின் கரு சிறியதாகப் பிறந்து, பக்கத்திலேயே நிற்கும் குளிர்ந்த உலோகத்தில் பட்டு அணைந்துபோகிறது. இறக்கத்திலும் ஐட்லிங்கிலும் வண்டி தடுமாறும்.

அளக்கும் முறை: தேய்ந்த பிளக்குக்குத் தட்டை வகை அளவி உதவாது. வளைந்து நடு முனைக்கு எதிரே நிற்கும் பக்க முனையின் அடிப்பக்கம் குழிந்திருக்கும். சாலைக் குழிமேல் பலகை போட்டு நடந்தவன் குழியே இல்லை என்பது போல, தட்டை அளவி அந்தக் குழியைக் கணக்கில் சேர்க்காது. கம்பி வகைதான் உண்மையான தூரத்தைக் காட்டும். சரியான கம்பி லேசாக உரசிக்கொண்டு நுழைய வேண்டும். தள்ளித் திணிக்கக் கூடாது, தொடாமல் ஆடவும் கூடாது. அடுத்த பெரிய கம்பி நுழையவே கூடாது.

அகலப்படுத்த வேண்டுமானால் அளவியிலேயே உள்ள கொக்கியால் வளைந்த பக்க முனையை மட்டும் இழுங்கள். ஸ்குரூ டிரைவரை நடுவில் விட்டு நெம்பினால் பாரம் முழுதும் நடு முனையின் மீதும் அதைச் சுற்றியுள்ள பீங்கான் மீதும் விழும். விரிசல் கண்ணுக்குத் தெரியாது, மிஸ்ஸிங் மட்டும் தெரியும். குறுக்க வேண்டுமானால் பக்க முனையை மரக்கட்டை மேல் மெல்லத் தட்டுங்கள். ஒரு தட்டு, ஓர் அளவு, மறுபடி ஒரு தட்டு. இரண்டு முனைகளும் இணையாக, நேருக்கு நேர் நிற்கின்றனவா என்று பக்கவாட்டிலிருந்து பார்த்துவிடுங்கள். திரும்பத் திரும்ப வளைத்தால் அந்த உலோகம் களைத்து முறியும்.

இரிடியம், பிளாட்டினம் பிளக் என்றால் இந்த வேலையில் கை வைக்கவே யோசியுங்கள். 0.4 அல்லது 0.6 மி.மீ. விட்டமுள்ள அந்த நுண்முனை ஒரு நெம்பலில் உதிர்ந்துவிடும். அவை ஆலையிலேயே அளவிட்டு வருகின்றன. அளவு மாறியிருந்தால் கடையில் திருப்பிக் கொடுப்பது நல்லது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பதும் இவற்றுக்கு ஆகாது.

இடைவெளி சரி, முனை கூர்மை, பிறகும் ஏற்றத்தில் மிஸ் அடிக்கிறது என்றால் பிளக் மூடி, வயர், காயில் என்ற வரிசையில் போங்கள். இருட்டில் இஞ்சினை ஓடவிட்டு வயரையும் காயிலையும் கவனித்தால், தோல் வெடித்த இடத்தில் நீலப் பொறி கசிவது சில வேளை கண்ணிலேயே படும். முழு த்ராட்டிலில் பெட்ரோல் போதாமல் திணறுவதும் ஏறக்குறைய இப்படித்தான் தோன்றும். வேறுபாடு: தீப்பொறி தவறினால் வெடுக்வெடுக்கென்று வெட்டும், பெட்ரோல் குறைந்தால் இழுவை வடிந்து அடங்கும்.

கறுப்பாகக் கரி பிடிக்கிறது. சிக்னலில் நின்றால் அணைகிறது

விரலில் ஒட்டும் உலர்ந்த கறுப்புத் தூள். கலவையில் பெட்ரோல் அதிகம், அல்லது பிளக் முனை சூடாகவே வாய்ப்பில்லை. பீங்கான் மூக்கு சுமார் 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். ஒரு கிலோமீட்டர் போய் நிற்கும் வண்டி அந்தச் சூட்டை எட்டுவதே இல்லை. நீண்ட தூரம் ஓட்டிய பின் கரி குறைகிறதா என்று முதலில் பாருங்கள். குறைந்தால் கோளாறு உங்கள் ஓட்டப் பழக்கத்தில் இருக்கிறது, இஞ்சினில் இல்லை.

குறையவில்லை என்றால் ஏர் ஃபில்டரில் தொடங்குங்கள். அடுத்து சோக் முழுக்கத் திரும்புகிறதா, கார்புரேட்டரின் மிதவை மட்டம் உயர்ந்துவிட்டதா, ஊசி வால்வு தேய்ந்துவிட்டதா, ஐட்லிங் கலவைத் திருகு யார் கையாவது பட்டு மாறியிருக்கிறதா என்று போங்கள். ஊசி முறை வண்டியில் கசியும் இன்ஜெக்டரும், இஞ்சின் எப்போதும் குளிர்ந்திருப்பதாகத் தவறாகச் சொல்லும் வெப்பநிலை சென்சாரும் இதே கரியைத் தரும்.

இந்த வரிசையைத் தாண்டிக் குதித்து 'ஒரு எண் சூடான பிளக் போடு, கரி பிடிக்காது' என்ற யோசனை எங்கிருந்தாவது வரும் (இந்த வெப்ப எண் என்ன என்பது அடுத்த பகுதியில்). உண்மைதான், கரி குறையும். அதிகப் பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவிக்கொண்டே இருப்பது மட்டும் நிற்காது.

வெளுத்த மூக்கு, கொப்புளம், சூடேறினால் 'டக்டக்' சத்தம்

ஓட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டிய அறிகுறி இது ஒன்றுதான். கரி பிடித்த பிளக்கால் வண்டி நின்றுபோகும், அவ்வளவே. மிகைச் சூடான பிளக் பிஸ்டனில் ஓட்டை போடும். முனையின் வெப்பம் 850 டிகிரியையும் கடந்து ஏறும்போது, தீப்பொறி வருவதற்கு முன்பே அந்த ஒளிரும் முனை கலவையைப் பற்ற வைத்துவிடக்கூடும். பிஸ்டன் மேலேறிக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து அடி விழுகிறது. பீங்கானில் மிளகுத்தூள் தூவியது மாதிரிக் கறுப்புப் புள்ளிகளோ மினுக்கும் அலுமினியத் துகள்களோ தெரிந்தால் பிஸ்டன் ஏற்கெனவே அரிபடுகிறது.

வெப்ப எண்ணைப் பற்றி இங்கே சொல்லிவிடுவது நல்லது. 'சூடான பிளக்' இஞ்சினைச் சூடாக்குவதில்லை, தீப்பொறியும் சூடாக இராது. முனையின் வெப்பம் எவ்வளவு வேகமாக ஹெட்டுக்கு இறங்குகிறது என்பதே அந்த எண். பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் வெப்பம் இறங்க வழி நீளம், ஆகவே சூடான பிளக். குட்டையானால் குளிர்ந்த பிளக். இதில் நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் எண்ணியிருக்கின்றன. என்.ஜி.கே., டென்சோ இரண்டிலும் எண் பெரிதானால் குளிர்ந்தது. பாஷ், சாம்பியன் இரண்டிலும் எண் பெரிதானால் சூடானது. என்.ஜி.கே.யின் 6, 7, 8, 9 ஆகியவை டென்சோவில் முறையே 20, 22, 24, 27க்கு இணை. நிறுவனம் மாறும்போது மனக்கணக்குப் போடாமல் இணைப்பட்டியலைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

சோதனை வரிசை: முதலில் பிளக் இறுக்கமாக இருந்ததா? முனையின் சூடு வாஷர், மரை வழியாகத்தான் ஹெட்டுக்குப் போகிறது. தளர்ந்த பிளக் சரியான எண்ணிலும் வெந்துவிடும். அடுத்து எண் சரியா. பிறகு பெட்ரோலின் ஆக்டேன், இன்டேக் ரப்பரில் காற்றுக் கசிவு, அடைபட்ட ஜெட் (கார்புரேட்டரின் பெட்ரோல் துளை), முன்தள்ளிய இக்னிஷன் டைமிங். கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ரப்பர் வெடித்து, அங்கிருந்து உறிஞ்சும் காற்றுதான் பழைய வண்டிகளில் அடிக்கடி அகப்படும். அமுக்க விகிதம் கூட்டப்பட்ட, அல்லது நெடுநேரம் முழு வேகத்தில் ஓடும் இஞ்சினுக்கு ஓர் எண் குளிர்ந்த பிளக் நியாயமானது. ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டிக்கு, கையேடே மாற்று எண் சொல்லாதவரை அது தேவைப்படாது.

எண்ணெயில் நனைந்த முனை

கறுப்பு, பளபளப்பு, வழவழப்பு. பெட்ரோல் வாடை இல்லை. புகையைக் கவனியுங்கள். ஸ்டார்ட் செய்தவுடனோ, இறக்கத்தில் த்ராட்டிலை மூடிப் பின் திறக்கும்போதோ நீலப் புகை வந்தால் வால்வு சீல். முடுக்கும்போது தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது சிலிண்டர் தேய்மானம். எண்ணெய் அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறதா என்று மட்டம் பார்ப்பது ஒரு நிமிட வேலை; அதை முதலில் செய்யுங்கள். பிளக்கால் இதற்குத் தீர்வு கிடையாது. இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் ஓரளவு எண்ணெய்ப் பசை இயல்பு; அங்கே எண்ணெய்க் கலவை விகிதத்தையும் பம்பின் அளவீட்டையும் பாருங்கள்.

மழையில் மட்டும் தடுமாறுகிறது

பிளக் மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும், அல்லது பிளக் குழியில் தண்ணீர் தேங்கியிருக்கும். ஆழமான குழியுள்ள பல ஹெட்டுகளில் தண்ணீர் வடிய ஒரு சிறு துளை உண்டு. சேறு அடைத்துக்கொண்டால் குழி கிணறாகிவிடும். மெல்லிய கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். பிளக்கின் வெளிப்பீங்கானைத் துடைத்து, மூடிக்குள் மின்காப்புக்கான சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவி மாட்டுங்கள்.

புதுப் பிளக் போட்ட பிறகு முன்பைவிட மோசம்

பெட்டியிலிருந்து எடுத்த பிளக்கைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டியிருப்பீர்கள். இடைவெளியை அளந்தீர்களா? ஒரே பிளக் வகை பல வண்டிகளுக்குப் போகிறது. ஆலை வைத்த அளவு உங்கள் கையேட்டு அளவாக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. வழியில் எங்கோ விழுந்து பக்க முனை அமுங்கியிருக்கவும் கூடும். கல்தரையில் விழுந்த பிளக்கை, வெளியே எதுவும் தெரியாவிட்டாலும், நான் மாட்டுவதில்லை.

அடுத்து குறியீடு. எடுத்துக்காட்டாக, என்.ஜி.கே.யின் சி.பி.ஆர்.8.இ.ஏ-9 (CPR8EA-9). முதல் எழுத்து 'சி' என்றால் மரையின் விட்டம் 10 மி.மீ.; அந்த இடத்தில் 'டி' இருந்தால் 12, 'பி' (B) இருந்தால் 14. இரண்டாவதாக வரும் 'பி' (P) வேறு: பீங்கான் மூக்கு வெளியே நீண்டிருப்பதைக் குறிக்கிறது. 'ஆர்' மின்தடை உள்ளது. 8 வெப்ப எண். 'இ' என்றால் மரையின் நீளம் 19 மி.மீ.; 'எச்' என்றால் 12.7. 'ஏ' அந்த வகைக்குரிய தனி வடிவமைப்பு. கடைசி 9, ஆலை வைத்த இடைவெளி 0.9 மி.மீ. என்கிறது.

இவற்றில் மன்னிப்பே இல்லாத இடம் மரை நீளம். நீளம் அதிகமானால் மரை எரிப்பறைக்குள் துருத்தி நின்று பழுக்கக் காயும். பிஸ்டனோ வால்வோ வந்து இடித்தால் இஞ்சின் காலி. குட்டையானால் தீப்பொறி குழிக்குள் ஒளிந்துகொள்ளும், ஹெட்டின் மிச்ச மரையில் கரி இறுகிப்போய் அடுத்த முறை சரியான பிளக் ஏறாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அழகாகவே பொருந்தியிருக்கும். பழையதையும் புதியதையும் அருகருகே நிறுத்தி ஒப்பிட்டுவிட்டு மாட்டுங்கள். ஆனால் பழையதே சரியானது என்று நம்பிவிட வேண்டாம். முந்தைய உரிமையாளர் கைக்குக் கிடைத்ததைப் போட்டிருக்கலாம்.

மின்தடை உள்ள பிளக்கின் இடத்தில் 'ஆர்' இல்லாததைப் போட்டால் மின்னிரைச்சல் கிளம்பும். மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி உள்ள வண்டிகளில் இதனால் மீட்டர் உளறும், இக்னிஷன் தடுமாறும்.

இரிடியம் போட்டால் வண்டி பறக்கும் என்பதெல்லாம் விளம்பரம். நுண்முனைக்குக் குறைந்த மின்னழுத்தம் போதும், தேய்மானம் மெதுவாக நடக்கும், குளிரில் ஸ்டார்ட் எளிதாகும், இவை உண்மை. நலமாக இருக்கும் இஞ்சினில் நல்ல நிக்கல் பிளக்கைவிட இழுவை கூடியதாக உணர்ந்தால், பழைய பிளக் அவ்வளவு தேய்ந்திருந்தது என்று பொருள். டேங்கைக் கழற்றினால்தான் பிளக்கே தெரியும் என்கிற வண்டிக்கு இரிடியம் நிச்சயம் தகும். கரி பிடிக்கும் காரணம் தீராத வண்டிக்குப் போடுவது, விலை உயர்ந்த பிளக்கைக் கரியாக்கும் வேலை.

'புஸ் புஸ்' சத்தம், பிளக் தளர்கிறது, அல்லது இறுகவே மாட்டேன் என்கிறது

பிளக்கைக் கையாலேயே, பானாவின் பிடியில்லாமல், முழுக்கத் திருகி உட்கார வைக்க வேண்டும். ஆழமான குழியானால் ரப்பர் குழாய்த் துண்டைப் பிளக் தலையில் செருகித் திருகுங்கள். மரை பிசகினால் குழாய் வழுக்கிவிடும், ஹெட் தப்பும். உட்கார்ந்த பிறகு புதுப் பிளக்கை ஏறத்தாழ அரைச் சுற்று இறுக்கினால் வாஷர் நசுங்கிப் பிடிக்கும். சரியான கோணம் பெட்டியின்மேல் படமாகவே இருக்கும். ஏற்கெனவே நசுங்கிய வாஷருள்ள பழைய பிளக்குக்குச் சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு போதும். டார்க் பானா இருந்தால் அலுமினிய ஹெட்டில் 10 மி.மீ. மரைக்கு 10–12, 12 மி.மீ. மரைக்கு 15–20, 14 மி.மீ. மரைக்கு 25–30 நியூட்டன் மீட்டர்; கையேடு வேறு சொன்னால் கையேடே சரி.

மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள். வழுக்கும் மரையில் அதே கைப்பலம் கூடுதலாக இறுக்கிவிடும். ஹெட்டின் மரை இழுபட்டுப்போகும்.

மரை போய்விட்டால் மரைநாடா சுற்றியோ பசை பூசியோ ஒப்பேற்ற முயல வேண்டாம். வெப்பம் இறங்கும் வழி அடைபடும், ஒருநாள் பிளக் தெறித்து வெளியே பறக்கும். உலோக மரைச் செருகு வைத்தால் ஹெட் மறுபடி பல காலம் உழைக்கும். ஹெட்டைக் கழற்றாமலே செய்வதானால் மரை வெட்டும் கருவியான டேப்பின் (tap) பள்ளங்களில் கெட்டியாகக் கிரீஸ் அப்பி, இரண்டு சுற்றுக்கொரு முறை வெளியே எடுத்துத் துடைத்துத் துடைத்து வெட்ட வேண்டும். அலுமினியச் சுருள் ஒன்றுகூட உள்ளே விழக் கூடாது. இதைப் பொறுமையாகச் செய்யாத பட்டறையானால் ஹெட்டைக் கழற்றியே தீர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.